மாடத்திலிருந்து விழுந்த மனிதர்: இரு நூல்களும் ஒரு வினாவும்

ஒருவர் மாண்டால், அவர் எவ்வாறு மாண்டார் என்று வினவுவதே உலக வழக்கு. டாக்டர் அஷ்ரஃப் மர்வான் மாண்டபோது எழுந்த வினாவோ வேறு. 'இவர் யாருடைய ஆள்?' என்பதே அது. 2007 ஜூன் 27 அன்று, லண்டன் மாநகரின் கார்ல்டன் ஹவுஸ் டெரஸ் பகுதியில், தம் இல்லத்தின் ஐந்தாம் மாடி மாடத்திலிருந்து விழுந்து அவர் உயிர் துறந்தார். முந்தைய வினாவுக்கு இன்றுவரை விடையில்லை. பிந்தைய வினாவுக்கோ விடைகள் மிகுதி. அவை ஒன்றையொன்று மறுப்பன.

மர்வான் எளிய மனிதர் அல்லர். 1966இல் எகிப்து அதிபர் ஜமால் அப்துல் நாஸிரின் மகள் முனாவை மணந்தவர்; அதிபர் அலுவலகத்தில் பணியாற்றியவர். நாஸிருக்குப் பின் வந்த அன்வர் ஸாதாத்தின் நம்பிக்கைக்கும் உரியவரானார். அந்த மருமகனே 1970இல் லண்டனிலுள்ள இஸ்ரேலியத் தூதரகத்தைத் தாமாகவே தொடர்பு கொண்டு, மொஸாத் நிறுவனத்திற்கு நாட்டின் இரகசியங்களை வழங்கத் தொடங்கினார். 1973 அக்டோபர் 5 இரவு, மொஸாத் தலைவர் ஸ்வி ஸமீரை லண்டனில் சந்தித்து, மறுநாள் போர் மூளும் என்றும் உரைத்தார். மறுநாள், ரமளான் பிறை பத்தில், எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. அவர் குறித்த நேரம் அந்தி. போர் தொடங்கியதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. இந்தச் சில மணி நேர இடைவெளியில்தான் அரை நூற்றாண்டுச் சர்ச்சை குடிகொண்டிருக்கிறது.

மர்வானைப் பற்றி 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இரு நூல்கள் ஒப்புநோக்கத் தக்கவை. ஒன்று ஊரி பார் யோசேஃப் எழுதிய 'தி ஏஞ்சல்'. மற்றது அஹ்ரோன் பிரெக்மன் எழுதிய 'தி ஸ்பை ஹூ ஃபெல் டு எர்த்'. மர்வான் இஸ்ரேலுக்கு மெய்யாகவே உழைத்தார் என்பது முன்னவர் துணிபு. அவர் எகிப்துக்காக இஸ்ரேலை ஏய்த்த இரட்டை உளவாளி என்ற கருத்தைப் பரப்பியவர் பின்னவர்.

பார் யோசேஃபின் வலிமை அவர் அடுக்கும் சான்றுகளில் இருக்கிறது. எதிரியை ஏய்க்க நினைக்கும் அரசு, தன் போர்த் திட்டங்களையே அவன் கையில் கொடுக்குமா என்று கேட்கிறார். தாக்குதல் வேளை கடைசி நாட்களில் மாற்றப்பட்டதையும், மர்வான் அப்போது வெளிநாட்டில் இருந்ததையும் எடுத்துக்காட்டுகிறார். நேர வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எதிர்த்தரப்பு தரவில்லை என்பதே நம் கருத்து. ஆயினும், மர்வான் ஏன் அவ்வாறு செய்தார் என்று கூறப்புகும்போது நூலாசிரியர் நிலை தடுமாறுகிறார். பொருளாசை, மாமனார் மீதான மனக்கசப்பு, அதிகார வேட்கை என்று மாண்டவரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தவர் போலவே எழுதுகிறார். ஆவணம் முடியும் இடத்தில் ஊகம் தொடங்குகிறது. அந்த எல்லைக்கோட்டை வாசகருக்குக் காட்டுவது வரலாற்றாசிரியரின் கடமையல்லவா?

பிரெக்மனின் நூல் சான்றில் மெலிந்தது. ஆனால் மனச்சான்றில் கனத்தது. 2002இல் எகிப்திய ஏடொன்றுக்கு அளித்த பேட்டியில் மர்வானின் பெயரை வெளிப்படுத்தியவர் அவரே. பின்னர் மர்வானோடு பழக்கமும் ஏற்பட்டது. மர்வான் விழுந்த அதே நாளில் இருவரும் சந்திப்பதாக இருந்தது. தம் பேனாவே ஓர் உயிருக்கு உலை வைத்ததோ என்ற வேதனையை அவர் மறைக்கவில்லை. எழுதுவோர் ஒவ்வொருவரும் இப்பகுதியைப் படிக்க வேண்டும்.

இந்நூல்களைப் படிப்போர் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. இவ்வழக்கில் பேசும் சாட்சிகள் எவரும் நடுநிலையாளர் அல்லர். மர்வான் ஏய்த்தார் என்று வாதிட்டவர் எலி ஸெய்ரா. 1973இல் இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறையின் தலைவராயிருந்து, போரை முன்னறியத் தவறியதற்காகப் பதவி இழந்தவர் அவர். மர்வான் வஞ்சகர் என்றானால் ஸெய்ராவின் பழி குறையும். உண்மையானவர் என்றானால் ஸமீரின் புகழ் ஓங்கும். இவ்விருவரின் பூசலில் தீர்ப்பளித்த முன்னாள் நீதிபதி தியோடோர் ஓர், மர்வானின் பெயரைக் கசியவிட்டவர் ஸெய்ராவே என்று முடிவு கூறினார். அத்தீர்ப்பு வெளியானது 2007 ஜூன் மாதத்தில். அம்மாதம் முடியுமுன் மர்வானும் முடிந்தார்.

கெய்ரோவுக்கும் ஓர் அக்கறை இருந்தது. நாஸிரின் மருமகன் நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்பதை எந்த எகிப்திய அரசால் ஏற்க இயலும்? அவர் தேசப்பற்றாளரே என்றார் அதிபர் ஹுஸ்னி முபாரக். ஜனாஸாவில் அரசின் பெருந்தலைகள் அணிவகுத்தனர். 2018இல் வெளிவந்த திரைப்படமோ, அவரைச் சமாதானத்திற்காக இரு தரப்புக்கும் உழைத்த வீரராக்கிவிட்டது. யாரையும் நோகச் செய்யாத முடிவு அது. ஆகவே நம்புவதற்கு அரிய முடிவு.

இத்தனை பேரும் அவர் வாழ்வுக்கு உரிமை கொண்டாடினர். அவர் சாவுக்குக் கணக்குக் கேட்டவர் யார்? பெரும்பாலும் மனைவி முனா ஒருவரே. கணவர் தம் உயிருக்கு அஞ்சினார் என்றும், கொலையே நிகழ்ந்தது என்றும் அவர் வற்புறுத்தினார். மர்வான் எழுதிவந்த நினைவுக்குறிப்புகள் கிடைக்கவில்லை. விழுந்தபோது அவர் அணிந்திருந்த காலணிகளைக் காவல்துறை தொலைத்துவிட்டது. 2010இல் விசாரணை நடத்திய அதிகாரி வில்லியம் டோல்மன், தற்கொலைக்கும் சான்றில்லை, கொலைக்கும் சான்றில்லை என்று கூறித் தீர்ப்பைத் திறந்தே வைத்தார்.

இங்கேதான் இரு நூல்களின் குறையும் ஒன்றாகிறது. 'யாருக்கு விசுவாசம்?' என்ற வினா, 'யார் கொன்றார், அல்லது எவரேனும் கொன்றாரா?' என்ற வினாவை விழுங்கிவிடுகிறது. துரோகி என்று முடிவு கட்டிவிட்டால் அவன் சாவு தண்டனையாகத் தோன்றுகிறது. தியாகி என்று முடிவு கட்டிவிட்டால் அது காணிக்கையாகத் தோன்றுகிறது. இரண்டிலும் விசாரணை தேவையற்றதாகிவிடுகிறது. மர்வான் தம் நாட்டின் அமானத்தைக் காக்கவில்லை என்றே சான்றுகள் சாய்கின்றன. எனினும், அமானத்தைக் காக்காதவனுக்கும் தன் சாவின் உண்மை வெளிவரும் உரிமை உண்டு. அவன் மனைவி மக்களுக்கு அவ்வுரிமை இன்னும் மிகுதி.

எனவே இவ்விரு நூல்களையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றிலிருந்து சான்றையும், மற்றதிலிருந்து மனச்சான்றையும் பெறலாம். அதன்பின், இரண்டும் முடிக்காமல் விட்ட அந்த மாடத்து வினாவை மறவாதிருங்கள்.