காமன் பொட்டலும் மேடை லயமும்

மலையகத் தமிழரின் நாடகம் இனி எவ்வழிச் செல்ல வேண்டும் என்னும் வினா, ஹட்டன், நுவரெலியாப் பகுதி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. மாசி மாதம் பிறந்துவிட்டால் அதன் சூடு சற்று ஏறும். தோட்டந்தோறும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிக் கூத்தாடும் காலம் அது. மன்மதனும் இரதியும் எமனும் வீரபத்திரனும் தேயிலை மலைகளுக்கு நடுவே உலாவுவதைக் காணும் நம் நண்பர் சிலர், "கூலிக்கும் வீட்டுக்கும் காணிக்கும் போராடும் மக்களுக்குத் தேவலோகம் எதற்கு? லயத்தை மேடையேற்றுங்கள், கொழுந்துக் கூடையை மேடையேற்றுங்கள், அதுவே யதார்த்தம்" என்கின்றனர். பழமை போற்றுவோரோ, "தாத்தா காலத்து ஆட்டத்தில் கை வைக்காதீர்" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகின்றனர்.

பின்னவரோடு வாதாடிப் பயனில்லை. முன்னவரோடு வாதாட வேண்டியது என் கடமை. ஏனெனில் நானும் அவர்களுள் ஒருவனாய் இருந்தவன்.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை மலையகமெங்கும் ஒலித்த 2018 ஆம் ஆண்டில் நான் ஒரு நாடகம் எழுதினேன். உண்மையான தகரங்களைக் கொண்டு மேடையில் லயக்காம்பிரா கட்டினோம். அடுப்பில் புகை வந்தது. கூடையில் அன்று பறித்த கொழுந்து இருந்தது. குடிகார அப்பன், அழுகின்ற அம்மா, அதட்டுகின்ற கங்காணி ஆகியோர் வந்தனர். முடிவில், படித்து ஆசிரியனான மகன் வந்து பதினைந்து நிமிடம் பேசினான். (அவனுக்கு அத்தனை நீண்ட வசனம் எழுதியவர் எத்தொழிலினர் என்று வாசகர்க்கு நான் கூறவும் வேண்டுமோ?) தோட்டத்து மக்கள் மரியாதையோடு இருந்து பார்த்தனர், மரியாதையோடு கைதட்டினர். வெளியே வந்தபோது கொழுந்தெடுத்தே முதுமை எய்திய ஒரு தாய் என்னை நிறுத்தி, "எல்லாம் எங்க வீடு மாதிரியேதான் இருக்கு மாஸ்டர். எங்க வீட்டத்தான் நாங்க தெனமும் பாக்குறோமே, அதப் பாக்க இங்க எதுக்கு வரணும்?" என்றார்.

யதார்த்தவாதம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய விடைத்தாள் எதிலும் இக்கேள்விக்குப் பதில் இல்லை.

மறு மாசியில், ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்தில், கொட்டும் பனியில், விடியும்வரை காமன் கூத்தைப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து பார்த்த கூத்துத்தான். அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். சிவனின் தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். இரதி தீக்கனாக் கண்டவள். போகாதே என்று வழிமறிக்கின்றாள். மேலிடத்துக் கட்டளை, மறுக்க முடியாது என்று அவன் போகின்றான், எரிகின்றான். இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்குக: ஏவப்பட்டவன் சாம்பலாகின்றான், ஏவியவர்களுள் ஒருவர் மீதும் தீப்பொறி கூட விழவில்லை. மழையிலும் மலைக்குப் போகச் சொல்லப்பட்டு, மண் சரிந்தோ மரம் விழுந்தோ திரும்பி வராதவர்களின் மனைவியர் அக்கூட்டத்தில் இருந்தனர். இரதியின் ஒப்பாரி தொடங்கியதும் அவர்கள் அழுதது மன்மதனுக்காக அன்று.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. அண்ணன் ஒரு கரைக்கும் தங்கை மறு கரைக்கும் உரியவராயினர். அப்பிரிவைக் கண்டவர்கள் இரதியின் அழுகையை எப்படிக் கேட்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம். இதைப் புராணம் என்று தள்ளிவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே நடப்பதை மட்டும் யதார்த்தம் என்று கொள்வது, ஆடையைப் பார்த்து ஆளை மதிப்பதற்கு ஒப்பாகும். கதை நிகழும் இடத்தை மாற்றுவது வேறு, வாழ்க்கையின் உறவுகளை வெளிப்படுத்துவது வேறு. என் நாடகத்தில் இடம் புதிது. மனிதர்களோ அச்சில் வார்த்தவர்கள். அப்பன் ஏன் குடித்தான் என்று நான் கேட்கவேயில்லை.

இவ்விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கள அரங்கில் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் நாடகம எனும் மரபுவழி ஆட்டத்தைக் கொண்டு ‘மனமே’யைப் படைத்தார். அரசகுமாரனும் வேடர் தலைவனும் எமக்கெதற்கு என்பார்போல், 1962 இல் சுகதபால டி சில்வா ‘போடிங்காரயோ’ மூலம் கொழும்பின் வாடகை அறை வாழ்வை மேடைக்குக் கொணர்ந்தார். இரண்டும் தேவையாயிருந்தன, ஒன்று மற்றதை ஒழித்துவிடவில்லை. தமிழில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலிருந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைச் செம்மை செய்து மேடையேற்றினார். அவ்வழி வந்த மௌனகுரு 1969 இல் ‘சங்கார’த்தில் வடமோடி ஆட்டத்துக்கு வர்க்கப் போராட்டத்தையே கருவாக்கினார். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்துப் பாங்கில் ஆடப்பட்டது. சாதிக் கொடுமையைச் சாட அவர்கள் தேர்ந்தது வரவேற்பறை மேடையை அன்று; ஊரார் அறிந்த மெட்டை. மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிடைத்த அத்தகைய உழைப்பு நம் காமன் கூத்துக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை என்பதே என் குறை.

நாவல், சிறுகதையில் நிலைமை வேறு. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ ஆகியன யதார்த்தத்தால் வலிமை பெற்றவை. தனியே இருந்து வாசிப்பவனுக்குத் தன் லயமே புதிதாய்த் தோன்றக் கூடும். கூடியிருந்து பார்ப்பவனுக்கு அது போதவில்லை.

எனினும் கூத்துக்கு நான் கொடிபிடிக்க வரவில்லை. அதன் குற்றம் மன்மதனிடத்தில் இல்லை. பொட்டலைச் சுற்றி நிற்கும் மனிதரிடத்தில் இருக்கின்றது. தப்பு இன்றேல் கூத்து இல்லை. முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் அதே தப்புத்தான். ஆயினும் விடிய விடிய அடித்துக் கை வீங்கியவருக்குத் தேநீர் தனிக் கோப்பையில் கொடுக்கப்பட்டதை என் கண்ணாலேயே கண்டிருக்கின்றேன். இரதியின் துயரத்தை ஆடுவதற்குப் பெரும்பாலும் ஓர் ஆணைத் தேடுகின்றனர். அத்துயரத்தைப் பட்டவளோ கூட்டத்தில் பாயில் அமர்ந்திருக்கின்றாள். "தேவலோகத்தை நீக்கு" என்று கூவும் நம் நண்பர்கள் இக்கோப்பையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியதில்லை. புராணத்தைக் கண்டிப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை. பக்கத்து லயத்துப் பெரியவரைக் கேள்வி கேட்கத்தான் அது வேண்டும். என் யதார்த்த நாடகத்திலும் சாதி என்ற சொல் வரவில்லை என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கின்றேன்.

சென்ற மாசிக்கு முன் என் மாணவி ஒருத்தி, க. பொ. த. உயர்தரம் பயில்பவள், தானே இரதி ஆட விரும்புவதாகக் கூறினாள். கூத்து வாத்தியாரிடம் அழைத்துப் போனேன். "நோன்பு இருக்கு, தீட்டு இருக்கு, முடியாது" என்றார். அவள் போகவில்லை, அங்கேயே நின்று, பாட்டியிடம் கேட்டுப் பழகிய இரதியின் ஒப்பாரியைத் தொடக்கம் முதல் பாடினாள். இடையில் ஓர் அடி பிழைத்தது. பெரியவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அந்த அடியைத் திருத்திச் சொன்னார். அவள் திருத்திப் பாடினாள். ஆட அனுமதி அவ்வாண்டு கிடைக்கவில்லை. தப்புக்காரர்களுள் இளையவர் ஒருவர் மட்டும் எங்களோடு பாதிவழிவரை நடந்து வந்து, அடுத்த ஒத்திகை என்றைக்கு என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.