கையறுநிலையும் மன்னார்த் தாயரும்

தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். கையறுநிலையோ இறந்தமை உறுதியாய பின்னரே பிறப்பது. உறுதியில்லா இழவினை அது எங்ஙனம் பாடும்?

மன்னார் நகரில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. காணாமற்போனோரின் சுற்றத்தார் விடை நோக்கியிருந்தனர். 2019இல் வெளிவந்த கரிமக் காலக்கணிப்போ, ஆய்ந்த சில மாதிரிகளை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையின என்றது. அழவும் இடமில்லை, ஆறவும் இடமில்லை. பவுலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகையதைத் தெளிவற்ற இழப்பு என வகுத்தார்.

இதற்கு அணித்தாய் நிற்பது, புலவர் இகழ்ந்த நாட்டு ஒப்பாரியே. அது பிரிந்தாரை முன்னிலைப்படுத்தி வினவுகின்றது. வினவுவார்க்கு உறுதி வேண்டா. உளவளத்துணையாளர் செய்யத்தக்கதும் அவ்வினாவுக்குச் செவிகொடுத்தலே. மகனுக்கெனப் பாலாவிக் கரையில் எள்ளும் நீரும் இறைக்கத் துணியாத தாயை, ‘மறந்துவிடுக’ எனத் தேற்றுவார் ஒப்பாரியின் இயல்பறியார்.