நம்பிக்கையும் வகுப்பறையும்: பார்பியானாக் கடிதம் பற்றிய ஒரு மதிப்பீடு

1

சமய நம்பிக்கையுடைய ஆசிரியர் ஒருவர் வகுப்பறையினுள் அந்நம்பிக்கையை என்ன செய்வது என்னும் வினாவுக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. பாடத்தினூடாகவும் செபத்தினூடாகவும் மாணவருக்கு அதனை ஊட்டுவதே ஆசிரியரின் கடமை என்பது ஒன்று. வாயிற்படியில் அதனை விட்டுவிட்டு நடுநிலையாளராக உட்செல்ல வேண்டும் என்பது மற்றையது. முன்னையது மிஷனரிக் கல்வியின் விடை. பின்னையது தாராண்மைவாதத்தின் விடை. ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றும் இவை அடிப்படையிற் பொதுமையுடையன. நம்பிக்கை என்பதை ஆசிரியரின் உள்ளத்தேயுள்ள கருத்துகளின் தொகுதியாகவே இரண்டும் கொள்கின்றன. வகுப்பறையில் யார் அமர்ந்திருக்கின்றனர், யார் வெளியேற்றப்பட்டுள்ளனர் என்னும் வினா இரண்டிலும் எழுவதில்லை.

இவ்வினாவையே மையமாகக் கொண்ட நூலொன்று 1967 மே மாதத்தில் இத்தாலியில் வெளிவந்தது. 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது அதன் தலைப்பு. நூலாசிரியர் என்னும் இடத்திற் காணப்படுவது தனிமனிதப் பெயரன்று. 'பார்பியானாப் பாடசாலை' என்பதே. நூலிற் பேசும் 'நான்' ஒரு மலைக்கிராமச் சிறுவன். ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகும் நோக்குடன் ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையொன்றிற் சேர்ந்து, பரீட்சையிற் சித்தியடையாதவனாகத் திருப்பியனுப்பப்பட்டவன். அத்தீர்ப்பை வழங்கிய ஆசிரியையை விளித்தே அவன் எழுதுகிறான். ஆனால் பார்பியானாவில் அவன் முன்னரே ஆசிரியனாக இருந்தவன்: வாரத்தில் மூன்று அரைநாட்கள் தன்னிலும் இளைய பிள்ளைகளுக்குப் புவியியல், கணிதம், பிரெஞ்சு ஆகியவற்றைக் கற்பித்தவன். கற்பிக்கத் தெரிந்தவனை ஆசிரியனாகத் தகுதியற்றவன் என விலக்கும் கல்விமுறை எத்தகையது? நூல் முழுவதும் இம்முரண்பாட்டிலிருந்தே கிளைக்கின்றது.

2

பார்பியானா, புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே முகெல்லோ மலைப்பகுதியிற் சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்பாகும். 1954 டிசெம்பரில் லொறென்சோ மிலானி அங்கு பங்குக் குருவாக அனுப்பப்பட்டபோது வீதியோ மின்சாரமோ குழாய்நீரோ இருக்கவில்லை. விளைவை நிலவுடைமையாளருடன் பங்கிடும் வாரமுறையே அம்மலைகளின் நீண்டகால உற்பத்தி உறவாக இருந்தது. புதிய வார ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்கு முன்னரே இளைஞர் மலையை விட்டு இறங்கி, புளோரன்ஸ், பிறாத்தோ ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளை நாடத் தொடங்கியிருந்தனர். சிதைந்துகொண்டிருந்த ஒரு நிலவுறவுக்கும் விரிந்துகொண்டிருந்த கைத்தொழில் முதலாளித்துவத்துக்கும் இடைப்பட்ட தலைமுறையின் குரலே இந்நூலில் ஒலிக்கின்றது.

மிலானியின் பின்னணி இதற்கு நேர்மாறானது. 1923இற் புளோரன்சில் செல்வமும் புலமையும் மிக்க குடும்பத்திற் பிறந்தவர். வேர்ஜில் ஆய்வாற் புகழ்பெற்ற மொழியியலறிஞர் தொமெனிக்கோ கொம்பாறெற்றியின் பூட்டப்பிள்ளை. 1943இற் குருமடத்திற் சேர்ந்து 1947இற் குருவானார். பிறாத்தோவின் நெசவாலைகளுக்கு அண்மையிலுள்ள கலென்சானோவில் முதலிற் பணியாற்றியபோது இளந்தொழிலாளருக்கான பாடசாலையொன்றை நடத்தினார். எக்கட்சியைச் சேர்ந்தவரும் தயக்கமின்றி வரவேண்டும் என்பதற்காக அவ்வகுப்பறைச் சுவரிலிருந்த சிலுவையை அவர் கழற்றிவிட்டார். 1958இல் வெளிவந்த 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' என்னும் அவரது நூலை விற்பனையிலிருந்து மீளப்பெறுமாறு வத்திக்கான் அவ்வாண்டிலேயே பணித்தது. பார்பியானாக் கடிதம் வெளிவந்த அடுத்த மாதம், 1967 யூன் 26ஆம் நாள், தமது 44ஆவது வயதில் அவர் காலமானார்.

3

இத்தாலியின் 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பு குறைந்தது எட்டாண்டுக் கல்வியை இலவசமும் கட்டாயமும் ஆக்கியது. 1962இல் நிறைவேறிய சட்டம், தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் எனப் பிரிந்திருந்த கீழ் இடைநிலைப் பாடசாலைகளை ஒன்றாக்கியது. சட்டத்தின் முன் சமத்துவம் எய்தப்பட்டாயிற்று. ஆனால் வாயில் ஒன்றாயினும் உள்ளே சல்லடை தொடர்ந்து இயங்கிற்று. ஒரே வகுப்பை மீண்டும் படிக்கவைத்தல் என்பதே அச்சல்லடை.

பார்பியானாச் சிறுவர் இதனைப் புலம்பலாக அன்றிப் புள்ளிவிபரமாக முன்வைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எவ்வகுப்பில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டனர், அவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்பவற்றை அவர்கள் எண்ணி அட்டவணைப்படுத்தினர். வைத்தியரின் மகனான பியெறினோ, எழுத்தறிவுடனேயே பாடசாலைக்கு வருகிறான். குடியானவரின் மகனான ஜானி, பாடசாலையின் மொழியையே அந்நிய மொழியாக எதிர்கொள்கிறான். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதையே ஆசிரியை நீதி என்கிறார். உடற்பயிற்சிப் பரீட்சையிற்கூடக் கூடைப்பந்து ஆடத் தெரியாமையால் மலைச்சிறுவர் குறைந்த மதிப்புப் பெறுகின்றனர். உயர்ந்த மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் அவர்களின் உடற்றிறன் எந்தப் பாடத்திலும் சேராதது. வின்சென்சோ மொன்றி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓமரைப் பெயர்த்த, எவரும் பேசாத செய்யுள்மொழியை ஏன் இலக்கியத்தின் உரைகல்லாக்க வேண்டும் என்றும் அவர்கள் வினவுகின்றனர். எது 'பண்பாடு' எனக் கொள்ளப்படுகிறது என்பதிலேயே வர்க்கத் தெரிவு அடங்கியுள்ளது என்பதே இவ்வுதாரணங்களின் சாரம். பூர்தியூவும் பசெறோனும் 1964இற் பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவர் பற்றிய ஆய்வில் வந்தடைந்த முடிவுகளுக்கு நெருக்கமான இடத்தை, மலைக்கிராமச் சிறுவர் தம் அனுபவத்தினூடாக வந்தடைந்தனர்.

4

இனி, நம்பிக்கை இந்நூலில் எங்கே உள்ளது என நோக்குவோம். குருவானவரின் இல்லத்தில் நடந்த பாடசாலையிற் பிறந்த நூல் இது. எனினும் இதில் மறைக்கல்வி இல்லை, அற்புதங்கள் இல்லை. கல்விக்கு ஓர் இலக்குத் தேடும் பகுதியில், அவ்விலக்கு நம்பிக்கையாளனுக்கும் நாத்திகனுக்கும் ஒருங்கே பொருந்துவதாக இருக்கவேண்டும் என நிபந்தனை விதிக்கப்படுகின்றது. பிறருக்காகத் தன்னை அளித்தல் என்பதே கண்டடையப்படும் விடை. இந்த அளவில் நின்றிருந்தால் இது வழமையான அறவுரையாகவே முடிந்திருக்கும். ஆனால் இந்நூற்றாண்டில் அவ்வன்பு செயற்படக்கூடிய வழிகளாக அரசியல், தொழிற்சங்கம், பாடசாலை என்பவற்றையே நூல் சுட்டுகின்றது. அயலானை நேசித்தல் என்னும் விவிலியக் கட்டளை இங்கு தனிமனிதத் தருமத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு நிறுவனங்களின் தளத்தில் வைக்கப்படுகின்றது.

கலென்சானோவிற் சிலுவையைக் கழற்றியமையின் பொருளும் இதுவே. அது தாராண்மைவாத நடுநிலையன்று. நம்பிக்கையை வாயிற்படியில் விட்டுச் சென்றமையும் அன்று. வகுப்பறைக்கு வெளியே நின்ற தொழிலாளி உள்ளே வரவேண்டும் என்பதற்காக நம்பிக்கையின் குறியீடு வழிவிட்டது. தம் மாணவருக்கு விட்டுச்சென்ற இறுதிக் குறிப்பில், கடவுளை நேசித்ததிலும் அதிகமாக அவர்களை நேசித்துவிட்டதாகவும், கடவுள் அதனைத் தம் கணக்கிலேயே வரவு வைத்திருப்பார் என நம்புவதாகவும் மிலானி எழுதினார். இறையியலாளர் இதனை எவ்வாறு மதிப்பிடினும், வகுப்பறையைப் பொறுத்தவரை இதன் உட்கிடை தெளிவானது: நம்பிக்கையின் உரைகல் கற்பிக்கப்படும் பொருளிலன்று, கற்பித்தல் எவர் பக்கம் நிற்கின்றது என்பதில் உள்ளது.

5

நூலின் உருவம் இக்கருத்திலிருந்து பிரிக்கமுடியாதது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் துண்டுத்தாளில் எழுதுவர். தாள்கள் மேசையிற் பரப்பப்படும். ஒரே கருத்துடையவை நீக்கப்படும். எஞ்சியவை குவியல்களாகி, குவியல்கள் அத்தியாயங்களாகும். பின்னர் மிகையான சொற்களை வெட்டும் வேலை தொடங்கும். வெளியாரை அழைத்து வாசிக்கச் செய்து, விளங்காத இடங்களைத் திருத்துவர். அதிகம் படியாதவரே இதற்கு விரும்பப்பட்டனர். இம்முறை ஒரு புனிதரின் உள்ளொளியிற் பிறந்ததன்று. செலெஸ்தென் பிறெனே என்னும் பிரெஞ்சு ஆசிரியர் தொடக்கிய கல்வி இயக்கத்தைச் சேர்ந்த மாறியோ லோடி, 1963இற் பார்பியானாவுக்கு வந்து சென்றதன் பயனாக உருவாயிற்று. பிறெனே சிலகாலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். இலக்கியப் படைப்பைத் தனிமனித மேதையின் வெளிப்பாடாகக் காணும் பூர்ஷுவா அழகியலுக்கு, எட்டுச் சிறுவரின் கூட்டெழுத்து அமைதியான மறுப்பாக நிற்கின்றது.

6

இவ்வளவு கூறியபின் நூலின் எல்லைகளையும் சுட்டுவது கடமையாகும். முதலாவது, மொழியை ஆளக் கற்றாற் சமத்துவம் கிட்டும் என்னும் நம்பிக்கை இந்நூலில் மேலோங்கியுள்ளது. சொல்லாற்றல் ஒடுக்கப்பட்டவனுக்கு இன்றியமையாத கருவி என்பதில் ஐயமில்லை; தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கடினமான, ஒழுங்கான கல்வியே தேவை என்று கிறாம்சியும் வற்புறுத்தினார். ஆயின் அவர் அக்கல்வியை ஒரு வர்க்கம் தலைமைத்துவம் பெறும் நீண்ட போராட்டத்தின் உறுப்பாகக் கண்டார். கடிதத்தில் தொழிற்சங்கமும் அரசியலும் பெயரளவில் வருகின்றன. உடைமையுறவு பற்றிய கேள்வி பின்தள்ளப்படுகின்றது.

இரண்டாவது குறை இதனிலும் பாரதூரமானது. பார்பியானா ஆண்டின் எல்லா நாட்களும், காலைமுதல் இரவுவரை, விளையாட்டும் விடுமுறையுமின்றி நடந்த பாடசாலை. அத்தகைய முழுநேரப் பாடசாலைக்கு ஏற்ற ஆசிரியர் யார் என எண்ணும்போது, மணவாழ்வைத் துறந்தவர் என்னும் சாத்தியத்தையும் நூல் முன்வைக்கின்றது. நூலில் நம்பிக்கை தன் பெயரைச் சொல்லாமல் உள்நுழையும் இடம் இதுவே. குருவானவரின் துறவு, ஆசிரியத் தொழிலின் இலட்சிய வடிவாக மாறிவிடுகின்றது. ஆசிரியர் சம்பளம் பெறும் உழைப்பாளி. அவருக்கும் வேலைநேரமும் குடும்பமும் உண்டு. விளிக்கப்படுபவர் பெண் என்பதும் கவனத்துக்குரியது. அரசின் வர்க்கத் தெரிவுக்கான சினம் முழுவதும் அதன் சம்பளப் பெண்ணூழியர் ஒருவர்மீது குவிகின்றது. கிராமத்துப் பெண்பிள்ளைகள் பார்பியானாவுக்கு வராமையைப் பெற்றோரின் பிற்போக்கு மனப்பான்மையால் விளக்கும் நூல், அம்மனப்பான்மையின் வேர்களைத் தேடுவதில்லை.

7

1968இன் மாணவர் இயக்கம் இந்நூலைத் தனதாக்கிக்கொண்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பப் பாடசாலையில் முழுநேரக் கல்விக்கு வழிவகுத்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வியில் மறுபரீட்சை முறையை ஒழித்தது. 2017 யூன் 20ஆம் நாள் அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று மிலானியின் கல்லறையிற் செபித்தார். ஒருகாலத்தில் தான் விலக்கிய குருவைத் திருச்சபை இவ்வாறு மீண்டும் ஏற்றுக்கொண்டது.

புனிதராகப் போற்றுவதும் ஒருவரைத் தீங்கற்றவராக்கும் வழிகளில் ஒன்றே. மிலானியின் தியாகத்தை வியப்போர் பலர். அவருடைய மாணவரின் அட்டவணைகளைத் தம் பாடசாலையில் மீளத் தயாரிப்போர் சிலரே. மறுபுறம், சமய நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்பதற்காகவே இந்நூலைக் கருத்துமுதல்வாதமெனத் தள்ளும் முற்போக்காளர், தம் ஆயுதங்களில் ஒன்றைத் தாமே எறிந்துவிடுகின்றனர். திருச்சபை வகித்த இடத்தைப் பாடசாலை கைப்பற்றிக்கொண்டது என அல்தூசர் 1970இல் எழுதினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, திருச்சபையின் விளிம்பில் நின்ற ஒரு பாடசாலை, அரசின் பாடசாலையை நோக்கி வர்க்கக் கேள்வியை எழுப்பியிருந்தது. நம்பிக்கையுள்ள ஆசிரியரையும் நம்பிக்கையற்ற ஆசிரியரையும் அக்கேள்வி ஒரே இடத்தில் நிறுத்துகின்றது. அவ்விடம் வரவுப் பதிவேடு. அதிலிருந்து இவ்வாண்டு நீங்கிய பெயர்கள் எவருடையவை என்பதற்கு இருவரும் விடைகூற வேண்டியவரே.