'கரையெல்லாம் செண்பகப்பூ': ஊரும் ஐயமும்

பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்கு அறிமுகம் செய்த 1894 தொடங்கி, துப்பறியுங் கதை மக்களால் விரும்பிப் படிக்கப்பட்டு வருகிறது. தமிழ்த் துறைகளோ அதனை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. குற்றவாளி யார் என்பது தெரிந்தபின் மீண்டும் படிக்கத் தகாதது என்பர். சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' அக்கூற்றுக்கு விடையாக நிற்கத் தகும்.

நாட்டுப்பாடல் திரட்ட வந்த கல்யாணராமன் திருநிலம் என்னும் சிற்றூரின் ஜமீன் மாளிகையில் தங்குகிறான். ஊர்ப்பெண் வெள்ளி, அவளுக்குரியவனாகக் கருதப்பெறும் மருதமுத்து, நகரத்திலிருந்து வந்து அவன் மனத்தைக் கலைக்கும் சிநேகலதா. சிநேகலதா கொலையுண்கிறாள், ஐயம் மருதமுத்துவின்மேல் விழுகிறது. ஆசிரியரின் புகழ்பெற்ற வழக்கறிஞர்களாகிய கணேஷும் வசந்தும் இங்கு இல்லை. அஃது இழப்பன்று, பேறே என்க. அவர்கள் வந்திருப்பின் ஊர் வெறுங் களமாகச் சுருங்கியிருக்கும்.

நகரத்துக் கொலைக்கதையில் ஒருவரையொருவர் அறியாமையே மர்மத்தைப் பிறப்பிக்கிறது. சிற்றூரிலோ யாவரும் யாவரையும் அறிவர். அறிந்ததைச் சொல்லாமையே மர்மம். குற்றமும் ஒருவனோடு நிற்பதில்லை. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய பராந்தக சோழன் கல்வெட்டுகளை நோக்குக. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமின்றி அவன் உறவினரையும் குடவோலைக்குத் தகாதவராக அவை விலக்குகின்றன. ஒருவன் பழி உறவின் வழியே பரவும் என்பதை அவ்வூர்ச் சபை சட்டமாகவே எழுதிவைத்தது. மருதமுத்துவின்மேல் விழுந்த ஐயம் வெள்ளியைச் சுடுவதும் இம்முறையாலேயே.

தொல்காப்பியர் யாழையும் பறையையும் கருப்பொருளுள் அடக்கினார். அங்ஙனமே இந்நாவலில் நாட்டுப்பாடல் அணியாக ஒட்டவைக்கப்படாமல் நிலத்திற்குரிய பொருளாகவே அமைகிறது. ஆய்வாளனாகிய கல்யாணராமன் பாட்டைக் கேட்கப் பயின்றவன். பாடுபவளின் மௌனத்தைக் கேட்கப் பயிலாதவன். (கள ஆய்வுக்குச் செல்லும் நம் மாணவர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.) வெள்ளியிடம் அவன் கொள்ளும் ஈர்ப்பு அவன் நடுநிலையைக் கெடுக்கிறது, அக்கேடே அவனை மனிதனாக்குகிறது.

குறையும் உண்டு. மாளிகையின் இரவு மர்மங்கள் கதையை விரைந்து செலுத்துகின்றன. ஆயினும் அவை மிகுந்த இடங்களில் வெள்ளி பின்னே தள்ளப்படுகிறாள். தொடர்கதையின் வாரந்தோறுமான தேவை இங்கு ஆசிரியரை வென்றது எனலாம். 1981இல் வெளிவந்த திரைப்படமும் இக்கதையின் ஈர்ப்புக்குச் சான்று. எனினும் கொலையாளியின் பெயரை அறிந்தபின்னும் நாவலை மறுமுறை எடுக்கச் செய்வது மாளிகையன்று. தன்னை விட்டு வேறொருத்தியை நாடியவனுக்காகவும் கலங்கும் வெள்ளியின் மனமே.