விருந்தோம்பலும் விற்பனை முகமும்: ஜவுளிக்கடைப் பெண்களின் உணர்வுழைப்பு

ஆய்வுச் சுருக்கம்

வாடிக்கையாளர் சேவைப் பணிகளில் உள்ள பெண்களின் உணர்வுழைப்பு பெரும்பாலும் தனிமனித மன அழுத்தச் சிக்கலாகவே அணுகப்படுகிறது. தமிழக ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களை முன்னிறுத்தி, அவ்வணுகுமுறையை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. ஹோக்ஷில்டின் கருத்தாக்கம், விருந்தோம்பல் மரபு, ‘அங்காடித் தெரு’ திரைப்படம், 2021ஆம் ஆண்டு இருக்கைச் சட்டத்திருத்தம் ஆகியவற்றை ஒருசேர வாசித்து, நிற்றலும் சிரித்தலும் ஒரே கட்டளையின் இரு கூறுகள் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: உணர்வுழைப்பு, விருந்தோம்பல், மெய்ப்பாடு, இருக்கை உரிமை, விற்பனைப் பெண்கள்

முன்னுரை

பணிபுரியும் பெண்களின் மன அழுத்தம் குறித்த ஆய்வுகள் பலவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. வினாநிரல் அளிக்கப்படும், அழுத்தத்தின் அளவு கணக்கிடப்படும், வயது, கல்வி, திருமண நிலை ஆகியவற்றோடு அது தொடர்புபடுத்தப்படும், இறுதியில் யோகா, தியானம், நேர மேலாண்மை ஆகியன பரிந்துரைக்கப்படும். இவ்வமைப்பில் அழுத்தம் பெண்ணின் உள்ளத்தில் தோன்றி, அவளாலேயே தீர்க்கப்பட வேண்டிய ஒன்றாகிறது. அவளிடம் வேலை வாங்குபவர் யார், எத்தகைய முகத்தை அவர் கேட்கிறார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. உணர்வுழைப்பு என்னும் சொல்லைக் கையாளும் ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அச்சொல் பிறந்ததோ இவ்வினாக்களை எழுப்புவதற்காகவே.

கருத்தாக்கத்தின் மூலப்பொருள்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரஸ்ஸல் ஹோக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்னும் நூல் உணர்வுழைப்பு என்னும் கருத்தாக்கத்தை நிலைநிறுத்தியது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர் இன்முகம் காட்டவும் பின்னவர் கடுமை காட்டவும் ஊதியம் பெறுகின்றனர். உணர்வுழைப்பு தேவைப்படும் பணிகளுக்கு மூன்று இயல்புகளை அவர் வரையறுத்தார். பொதுமக்களோடு முகத்தாலோ குரலாலோ நேரடித் தொடர்பு இருத்தல் முதலாவது. எதிரில் இருப்பவரிடம் ஓர் உணர்வுநிலையை உண்டாக்க வேண்டியிருத்தல் இரண்டாவது. பணியாளரின் உணர்வுச் செயல்பாட்டைப் பயிற்சியாலும் கண்காணிப்பாலும் முதலாளி கட்டுப்படுத்துதல் மூன்றாவது.

வீட்டில் குழந்தையைத் தேற்றுவதும் நண்பரின் துயரில் பங்கு கொள்வதும் உணர்வைக் கையாளும் செயல்களே. அவை கூலிக்கு விற்கப்பட்டு, பிறரது கட்டுப்பாட்டுக்குள் வரும்போதுதான் உழைப்பாகின்றன. எனவே மூன்றாவது இயல்பே இக்கருத்தாக்கத்தின் உயிர்நிலை. அதை நீக்கிவிட்டு முதலிரண்டை மட்டும் கொள்ளும் ஆய்வு, உணர்வுழைப்பைப் ‘பெண்களின் பொறுமை’ என்று சுருக்கிவிடும்.

உணர்வை வெளித்தோற்றத்தில் மட்டும் காட்டுவதை மேற்பரப்பு நடிப்பு என்றும், வேண்டிய உணர்வை உள்ளத்திலேயே வருவித்துக் கொள்வதை ஆழ்நடிப்பு என்றும் ஹோக்ஷில்ட் பிரித்தார். தமிழ் மரபின் மெய்ப்பாட்டுக் கோட்பாடு இப்பிரிவினையைத் துலக்கமாக்க உதவும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை வகுக்கிறது. நகைக்கு உரிய நான்கினுள் எள்ளலும் பேதைமையும் இடம்பெறுகின்றன, ஏவல் இடம்பெறவில்லை. உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்படுவதே மெய்ப்பாடு. விற்பனைத் தளமோ உணர்வு இருப்பினும் இல்லாவிடினும் மெய்ப்பாடு மட்டும் தவறாது புலப்பட வேண்டுமெனக் கேட்கிறது. நிலைக்களன் இல்லாத நகையை நாள் முழுதும் தாங்கும் முகமே இங்கு விற்பனைக்கு வைக்கப்படுகிறது.

விருந்தோம்பலின் உருமாற்றம்

விமான அறையைத் தம் வீட்டு வரவேற்பறையாகவும் பயணிகளைத் தம் விருந்தினராகவும் கருதுமாறு பணிப்பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டதை ஹோக்ஷில்ட் பதிவு செய்கிறார். தமிழகத்து ஜவுளிக்கடையில் இவ்வுருவகத்தைத் தனியே கற்பிக்கத் தேவையில்லை. மொழியே அதைக் கையில் தருகிறது. வாசலிலிருந்து ‘வாங்க’ என்னும் சொல் தொடங்குகிறது. வாடிக்கையாளர் ‘அக்கா’, ‘அம்மா’, ‘அண்ணா’ ஆகிறார். ஐம்பது புடவைகளைப் பிரித்துக் காட்டியபின் ஒன்றும் எடுக்காமல் எழுந்து செல்பவரிடமும் முகம் கோணலாகாது.

முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் உள்ளம் வாடும் என்பது திருக்குறள் விருந்தோம்பல் அதிகாரம் உணர்த்தும் நுட்பம். ஆயினும் அந்த அறம் இல்வாழ்வானுக்கு உரியது. இல்லம் அவனுடையது, கொடுப்பதும் அவனுடையது, விருந்தோம்பலால் வரும் புகழும் அவனையே சேரும். கடைப்பெண்ணுக்கோ இல்லமும் பொருளும் உரியவை அல்ல. விருந்தளிப்பவர் முதலாளி, விருந்தளிக்கும் முகம் மட்டும் அவளுடையது. அறத்தின் சொற்கள் அப்படியே நிற்க, அவற்றின் உரிமை மட்டும் கைமாறிவிடுகிறது. எனவேதான் தமிழ்ச் சூழலில் உணர்வுழைப்பை உழைப்பாகக் காண்பது கடினமாகிறது. ‘அக்கா’ என்று அழைப்பதற்குக் கூலியா என்னும் வினாவே இங்கு முதலில் எழும்.

உறவுச்சொல் ஒரு திசையில் மட்டுமே பயன் தருகிறது என்பதும் கருதத்தக்கது. வாடிக்கையாளர் சினந்தால் அது உறவினர் சினமன்று. மேற்பார்வையாளரிடம் சென்றடையக்கூடிய புகார். தகுதி குறைந்தோராகக் கருதப்படுவதால் பெண்கள் பிறர் சினத்தைத் தடுக்கும் கேடயம் இன்றி நிற்கின்றனர் என்னும் ஹோக்ஷில்டின் கருத்து இங்கும் பொருந்துகிறது.

திரைப்படம் கண்டதும் காணாததும்

ஜவுளிக்கடைத் தொழிலாளர் வாழ்வைத் தமிழ்ப் பொதுவெளியின் பேசுபொருளாக்கியதில் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ (2010) குறிப்பிடத்தக்கது. ஜெயமோகன் உரையாடல் எழுதிய இப்படம், தென் மாவட்டத்திலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வரும் இளைஞர்களின் உழைப்பு, உணவு, உறைவிடம், காதல் ஆகியவற்றைக் காட்டுகிறது. மேற்பார்வையாளர் கருங்காலியின் அடியும் பாலியல் அத்துமீறலும் படத்தின் முரணை முன்னகர்த்துகின்றன. கடையின் பளபளப்புக்குப் பின்னால் இருந்த வன்முறையை வெளிக்கொணர்ந்தது இப்படத்தின் வலிமை.

ஆனால் அவ்வன்முறை பெரிதும் ஒரு கொடியவனின் உருவில் திரண்டுவிடுகிறது. வாடிக்கையாளர் பெரும்பாலும் பின்னணித் திரளாகவே அமைகின்றனர். கருங்காலி இல்லாத கடையிலும், எவரும் அடிக்காத நாளிலும் தொடரும் உழைப்பு எது என்னும் வினா படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. திரையரங்கில் கண்ணீர் சிந்திய பார்வையாளர் மறுவாரம் அதே தெருவில் வாடிக்கையாளராக நிற்கும்போது, தம்மை இக்கதைக்குள் காண்பதற்கான வழி அவருக்கு இல்லை.

நாற்காலியும் முகமும்

நின்றுகொண்டே வேலை செய்தல் உடல்நலச் சிக்கலாகவே பேசப்பட்டு வந்துள்ளது. இதற்கு எதிரான குரல் அண்மைக் காலத்தில் கேரளத்தில் வலுப்பெற்றது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்களைப் பி. விஜி ‘பெண்கூட்டு’ அமைப்பின்வழி ஒன்றுதிரட்டினார். கழிப்பறை வசதிக்கான கோரிக்கையோடு உட்காரும் உரிமைக்கான கோரிக்கையும் எழுந்தது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடு அரசு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. பணியிடையே உட்கார வாய்ப்புக் கிட்டும்போது பணியாளர் அதனைப் பயன்படுத்திக்கொள்ள ஏற்ற இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே தன் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வசதியை வலியுறுத்தியது. ஆலைக்கு அப்போதே ஏற்கப்பட்டது, தமிழகத்தில் கடைக்கு ஏற்கப்பட 73 ஆண்டுகள் ஆயின. இத்தாமதத்தை அலட்சியம் என்று மட்டும் விளக்குவது போதாது. ஆலையில் நிற்பது இயந்திரத்தின் தேவை; கடையில் நிற்பது மரியாதையின் அடையாளம். வருபவர் முன் உட்கார்ந்திருத்தல் அவமதிப்பு என்னும் எண்ணம் விருந்தோம்பலிலிருந்து கடைக்குள் வந்தது. விற்பனைத் தொழிலுக்கு நிற்றல் இன்றியமையாதது அன்று. வெள்ளை மெத்தை விரித்த மேடையில் விற்பவர் அமர்ந்தபடியே புடவைகளை விரித்துக் காட்டும் வழக்கம் பட்டுக்கடைகளில் உண்டு. ஆகவே நிற்றல் என்பது கால்களால் செய்யப்படும் புன்னகை. அதுவும் ஓர் உணர்வு விதி.

இவ்வாறு நோக்கும்போது 22-அ பிரிவின் அருமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன. உட்காரும் ‘வாய்ப்பு’ எப்போது வந்தது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வாடிக்கையாளர் இல்லாத பொழுதே வாய்ப்பு எனக் கொண்டால், ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நெரிசலிலும் உடல் மிகத் தளரும் நாளில்தான் வாய்ப்பு முற்றிலும் இல்லாமற் போகும். சட்டம் நாற்காலியைத் தந்தது. வாடிக்கையாளர் முன்னிலையிலும் அதில் அமரலாம் என்று சொல்லவில்லை.

வாடிக்கையாளரைப் பணியிடச் சூழலின் ஓர் அங்கமாகச் சட்டம் கருதவே இயலாது என்பதும் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் பிறரிடமிருந்தும் பாதுகாப்பளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. பாலியல் தன்மையற்ற வசையும் இழிசொல்லும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வாரா. சேவைப் பெண்கள் அன்றாடம் விழுங்கும் சினத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

ஹோக்ஷில்டின் பார்வை பணியாளரை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டுகிறது என்னும் மறுப்பு உண்டு. பணியாளர் விதிக்கப்பட்ட உணர்வை மட்டுமன்றித் தம் விருப்பால் அன்பையும் கொடையாக வழங்குகின்றனர் என்று ஷரன் போல்டன் 2005இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இம்மறுப்பில் உண்மை உண்டு. மணப்புடவை எடுக்க வந்த குடும்பத்தின் மகிழ்ச்சியில் விற்பனைப் பெண் மனமார்ந்து கலந்துகொள்வதை நடிப்பு என்று ஒதுக்குவது அவளது திறனையும் உள்ளத்தையும் சிறுமைப்படுத்தும். எனினும் கொடுக்க மறுக்கும் உரிமை இருக்கும்போதே ஒன்று கொடையாகும். இழித்துப் பேசுபவரிடமிருந்து விலகிச் செல்ல இயலாதவளின் இன்சொல்லை ஆய்வாளர் கொடையென்று கொண்டாடுதல் பொருந்தாது. போல்டனின் மறுப்பை முழுமையாக ஏற்பதற்கும் அவ்வுரிமையே முன்நிபந்தனை.

முடிவுரை

விற்பனைப் பெண்ணின் மன அழுத்தம் அவளது தாங்குதிறனின் குறைவன்று; உரிமை கைமாறிய விருந்தோம்பலின் விளைவு. இதனை ஏற்கும் ஆய்வு, அவள் எவ்வாறு சமாளிக்கிறாள் என்பதோடு நில்லாமல், பயிற்சி எதைக் கற்பிக்கிறது, புகார் எவரிடம் செல்கிறது, எந்த நேரத்தில் உட்கார இசைவு உண்டு, இழிசொல் கேட்டால் விலக இயலுமா என்பனவற்றையும் வினாநிரலில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளரையும் ஆய்வுக்களத்துக்குள் கொணர வேண்டும். வாடிக்கையாளர் முன் அமர்ந்தபடியே ‘வாங்க’ என்று அழைக்கும் விற்பனைப் பெண் மரியாதையற்றவள் ஆகாள் என்பதைக் கடைகளும் வாடிக்கையாளரும் ஏற்கும் நாளில்தான் 22-அ பிரிவு நடைமுறையில் நிறைவேறும்.