முதல் தொகுப்பும் பல பாணிகளும்

சினிமாவின் துணையில்லாமல் வெளிவரும் மலேசியத் தமிழ் இசைத்தொகுப்பு, அதுவும் ஒரு கலைஞரின் முதல் தொகுப்பு என்றால், ராப், மெல்லிசை, உறுமி, மலாய்ச் சாயல் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். இதைத் தடுமாற்றம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா மேளமும் வானொலியின் சினிமாப் பாட்டும் பட்டணத்து மலாய், சீனப் பாட்டும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒரே வாசலில்தான் காதில் விழுந்தன. பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது மக்கள் ஈப்போவின் தாமான்களுக்குக் (குடியிருப்புப் பகுதிகளுக்குக்) குடிபெயர்ந்தார்கள். உறுமியும் கூடவே வந்தது.

இந்தப் போக்குக்கு முன்னோடி, மலேசிய ராப் பாடகர் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் தந்த 'வல்லவன்' (2006). தனி ஒருவரின் தொகுப்பு அல்ல என்றாலும் பின்னால் வந்தவர்களுக்கு அதுவே அளவுகோல். அதன் புகழ்பெற்ற 'மடை திறந்து' பாட்டின் மூல வடிவம், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது, படத்தில் வாய்ப்புக்காக ஏங்கும் இசைக்கலைஞனின் பாட்டு. கடல் கடந்த ராப் பாடகர்கள் தங்கள் வருகையை அறிவிக்க அதையே எடுத்தது வெறும் மறுகலவை அல்ல, பொருளறிந்த தேர்வு. ஆனால் இரவல் மெட்டு சொந்தப் பாடல்களை முந்திக்கொண்டது. 'பொல்லாதவன்' (2007) படத்துக்கு யோகி பி வந்ததும் இன்னொரு பழைய பாட்டின் மறுகலவைக்காகத்தான்.

தமிழ்நாட்டு ராப் பாடகர் அறிவு வேறு வழியில் போனார். இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' (2019) தந்தவர், 2024இல் தனித்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி. பாணி எதுவானாலும் பாடுபவர் யார் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேயிலையின் இடத்தில் ரப்பரை வைத்தால் பேராக்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதை அது.

பாடுபவர் யார் என்று சொல்லும் அந்த இழை இல்லாத தொகுப்பு, ஈப்போவின் புந்தோங்கில் விற்கும் கச்சாங் பூத்தே (வறுகடலைக் கலவை) பொட்டலம்போல ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றும் மொறுமொறுப்புதான், எதைத் தின்றோம் என்பது நினைவில் நிற்பதில்லை. கல்யாண மேடைக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று, கோடம்பாக்கத்தின் காதில் விழ ஒன்று என்று பாடல்கள் விண்ணப்பங்களாகின்றன. கைக்காசைப் போட்டு, பணம் சேரச் சேர வெவ்வேறு ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவு செய்வதால் குரலின் அழுத்தமும் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. இது வறுமையின் குறை, ரசனையின் குறை அல்ல.

இழை உள்ள தொகுப்புக்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு உறுமியைக் கையாளும் விதத்தில் உடனே தெரியும். ஈப்போவின் கல்லுமலைத் தைப்பூசத்தில் வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழும் முனகல், காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து வேகம் கூட்டும், குறைக்கும். கணினியில் வெட்டி ஒட்டிய சில நொடி உறுமி அப்படி யாரையும் பார்ப்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.