கலவரமா, உள்நாட்டுப் போரா?

ஒரு நாட்டினுள் வாழும் ஒரு சாரார், இனத்தாலோ சமயத்தாலோ வேறுபட்ட மற்றொரு சாராரைத் தாக்கிக் கொல்வது உள்நாட்டுப் போர் ஆகுமா? இலங்கையைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வினாவை எழுப்பாமலே விடை கூறிவிடுகின்றனர். 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நடந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். இவ்வரி பிழையன்று, ஆனால் நிறைவுடையதும் அன்று. 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் நடந்ததும், பின்னர் வன்னிக் காடுகளில் நடந்ததும் ஒரே பெயருக்கு உரியன அல்ல.

போரை வகுத்துப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மதில் வளைத்தலை உழிஞை என்றும், இரு படைகள் எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும் தொல்காப்பியம் பிரித்துரைக்கிறது. உள்நாட்டுப் போருக்கும் புறநானூற்றிலேயே சான்று உண்டு. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்து உள்ளிருந்தான். இருவரும் ஒரே குடியினர் என்பதை எடுத்துக்காட்டி அப்போரை நிறுத்த முயன்றார் கோவூர் கிழார். குடி ஒன்று, படை இரண்டு. உள்நாட்டுப் போரின் இலக்கணம் இதுவே. போரிடாதோரை முன்கூட்டியே காப்பிடம் சேரச் செய்யும் அறத்தை நெட்டிமையார் பாடியிருப்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இக்காலச் சட்ட நூலாரும் இதனின்று வேறுபட்டாரல்லர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் ஒரு நாட்டுக்குள் நடக்கும் ஆயுதப் போருக்கும் விதி வகுத்தன. 1977ஆம் ஆண்டின் இரண்டாம் துணை உடன்படிக்கை, கலகங்களும் ஆங்காங்கே நிகழும் வன்செயல்களும் அத்தகைய போர் ஆகா என்று தெளிவுபடுத்திற்று. கட்டுக்கோப்புடைய படைகளுக்கு இடையே நீடித்து நடக்கும் சண்டையே போர் என்பது, யூகோசுலாவியப் போர்க் குற்றங்களை விசாரித்த அனைத்துலக நீதிமன்றம் 1995இல் கூறிய விளக்கம்.

இவ்வளவுகோலைக் கொண்டு இலங்கையை நோக்குவோம். 1958 மே மாதத்தில் பொலன்னறுவைத் தொடர்வண்டி நிலையத்தில் மூண்ட வன்செயல் சில நாட்களில் கொழும்பு வரை பரவிற்று. இதனைச் சிங்களச் செய்தியாளரான தார்சி விட்டாச்சி 'எமர்ஜென்சி 58' என்னும் நூலாக எழுத, இலங்கை அரசு அந்நூலைத் தடை செய்தது. தமிழர் மிகுந்த பகுதிகளில் சிங்களவரும் தாக்குண்டனர். அதனை மறைத்தல் ஆகாது. எனினும் இரு படைகள் எதிர்நிற்கவில்லை. கொழும்பில் வீடிழந்த தமிழர் கப்பலேறி வடக்கே சென்றனர்.

1983 ஜூலை 23ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் பதுங்கித் தாக்கியதில் 13 படைவீரர் மாண்டனர். இரு புறமும் ஆயுதம் இருந்தது. அதனைப் போரின் பகுதி எனலாம். அடுத்த நாள் முதல் கொழும்பில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடி எரித்தனர். வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பதுளை, நுவரெலியா முதலிய மலைநாட்டு ஊர்களிலும் தீ பரவியது. ஆங்குத் தாக்குண்டோருள் மலாக்காத் தோட்டத் தமிழரைப் போலவே தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றோரின் வழிவந்தவர் பலர். அவர்களுடைய தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அந்த அரசிலேயே அமைச்சராக இருந்தார். அவர்கள் எந்தப் படையின் பக்கம் நின்று போரிட்டனர்?

அவ்வாறாயின் இனப்பகை, சமயப்பகை காரணமாக எழுவது ஒருநாளும் உள்நாட்டுப் போர் ஆகாதோ எனின், ஆகும். லெபனானில் 1975 முதல் 1990 வரை சமயப் பிரிவுகள் தத்தமக்கெனப் படை திரட்டிப் பொருதன. அரசின் படையும் பிளவுண்டது. அது போரே. பகையின் காரணமும் மாண்டோரின் தொகையும் மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. 1947இல் இந்தியப் பிரிவினையின்போது பல இலட்சம் பேர் மாண்டும், அதனைப் போர் என்று எழுதுவோர் அரியர்.

பெயரைக் குறைத்துச் சொன்னதற்கு மலாயாவே சான்று. 1948 ஜூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பொதுவுடைமைக் கட்சியின் படை ஒருபுறமும் அரசின் படை மறுபுறமும் நின்றன. தோட்டத் தொழிலாளர் பலர் கம்பி வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதியே நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி' என அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடுகள் நீங்கப் பெற்றது. போருக்குரியன யாவும் இருந்தும், போர் என்னும் பெயர் இடப்படவில்லை. போர் என்றால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தரமாட்டா என்பதே அதற்கு வரலாற்றாசிரியர் பலர் கூறும் காரணம். அதற்கு மாறாக, அரசின் கணக்குப்படி 196 உயிர்களைப் பலிகொண்ட 1969 மே 13 நிகழ்ச்சியில் இரு படைகள் இல்லை. அதனை எவரும் உள்நாட்டுப் போர் என்பதில்லை.

சொல்லால் வரும் வேறுபாடு சிறிதன்று. போர் என்றால் மாண்டவர் ஒரு தரப்பினர் ஆகிவிடுகின்றனர். பழியும் இரு பக்கமும் பங்கிடப்படுகிறது. குடிமக்களைக் காக்கும் கடமையில் அரசு தவறியது என்பது மறைந்துபோகிறது. 1983 வன்செயலுக்காக 2004இல் அதிபர் சந்திரிகா குமாரதுங்க வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். காக்க வேண்டியோர் காக்கத் தவறினர் என்பதற்கே அம்மன்னிப்புப் பொருந்தும். கலவரம் என்னும் சொல்லிலும் குறை உண்டு. இரு கூட்டத்தார் கைகலந்தது போன்ற தோற்றத்தை அது தருகிறது. ஈழத்தார் வழங்கும் 'இனவன்செயல்' என்னும் சொல் இவ்விடத்துக்குத் தகும்.

ஆகவே 1958ஐயும் 1983 ஜூலையையும் இனவன்செயல் என்றும், அதன்பின் 2009 மே வரை நடந்ததை உள்நாட்டுப் போர் என்றும் பிரித்து எழுதுதல் நன்று. போர்க்காலத்திலும் ஆயுதமற்றோர் கொல்லப்பட்ட இடங்களைத் தனியே சுட்டுதல் வேண்டும். ஆயுதம் ஏந்தாமல் மாண்டோரைப் போர்வீரர் கணக்கில் எழுதாதிருத்தல், வரலாறு எழுதுவோர் அவர்க்குச் செய்யவேண்டிய முதற் கடமையாகும்.